பழைய இன்னோவா, கிரிஸ்டா, ஹைகிராஸ்: ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு எது பொருந்தும்?

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால், டொயோட்டாவின் மூன்று வண்டிகளில் எது நல்லது என்பதுதான். 2012-ஆம் ஆண்டு இன்னோவா 6 லட்சத்துக்கு வருகிறது. 2018-ஆம் ஆண்டு கிரிஸ்டா, 2.4 டீசல் மேனுவல், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, 14 லட்சம் சொல்கிறார்கள். பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் புதிய ஹைகிராஸ் ஹைபிரிட் ஆன்ரோடு 31 லட்சம் ஆகிறது. ஆனால் அவர் கூடவே எழுதியிருக்கும் விவரங்களைச் சேர்த்துப் படித்தால் கேள்வி வேறு. வீட்டில் ஆறு பேர், தாயாருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, மாத ஓட்டம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர், மாதம் ஒருமுறை வால்பாறை, கையில் இருப்பது 14 லட்சம். மைத்துனர் பழைய இன்னோவாவே போதும் என்கிறார், ஷோரூமில் ஹைகிராஸைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. ஆகவே அவர் உண்மையில் கேட்பது இரண்டு: 17 லட்சம் கடன் வாங்கிப் புதிய தலைமுறைக்குப் போவதற்கு ஈடான பயன் அதில் இருக்கிறதா, 8 லட்சம் மிச்சம் பிடித்துப் பழைய தலைமுறைக்குப் போனால் அது மிச்சமாகவே நிற்குமா.

நான் கோவைப் பக்கம் பல ஆண்டுகள் சர்வீஸ் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது பழைய வண்டி வாங்குபவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறேன். இந்த மூன்று தலைமுறைகளும் கையில் நிறைய வந்து போகின்றன. குறிப்பிட்ட அந்த 2018 வண்டியை நான் பார்க்கவில்லை என்பதால், கீழே கிரிஸ்டாவைப் பற்றிச் சொல்வது அந்த மாடலைப் பற்றியதே தவிர, உங்களுக்குக் காட்டப்பட்ட வண்டிக்கான நற்சான்று அல்ல.

முதலில், ஒரே பெயரில் மூன்று வண்டிகள் இருப்பதால் இவை ஒன்றின் மேம்பட்ட வடிவம் இன்னொன்று என்று தோன்றும். முதல் இரண்டுக்கு அது பொருந்தும். குவாலிஸை நிறுத்திவிட்டு 2005-இல் வந்த இன்னோவாவும், 2016 மே மாதம் வந்த கிரிஸ்டாவும் லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் உடல் பூட்டிய, பின் சக்கரங்கள் இழுக்கும் வண்டிகள். 2022 இறுதியில் வந்த ஹைகிராஸ் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே அல்ல. அதில் தனிச் சட்டம் இல்லை, உடலும் அடித்தளமும் ஒன்றாகவே இணைந்த கார் அமைப்பு. இழுப்பது முன் சக்கரங்கள். டீசல் என்ஜினே கிடையாது. அதனால்தான் ஹைகிராஸ் வந்த பிறகும் கிரிஸ்டாவை மூட முடியாமல், 2023-இல் டீசல் மேனுவலாக மட்டும் மறுபடி கொண்டுவந்து இரண்டையும் அருகருகே விற்கிறார்கள். விற்பனையில் இருக்கும் ஒரு வண்டியைப் 'பழைய தலைமுறை' என்று ஒதுக்குவது ஷோரூம் பேச்சு.

இந்த அடித்தள வேறுபாடு உங்கள் வீட்டில் முதலில் உணரப்போவது தாயாரின் முழங்காலில். சட்டத்தின் மேல் உடல் அமர்வதால் பழைய இரண்டு வண்டிகளிலும் தரை உயரம். ஏறும்போது ஒரு காலைத் தூக்கி ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து உடலை மேலே இழுக்க வேண்டும். ஹைகிராஸின் தரை தாழ்வானது, கிட்டத்தட்ட பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துவிடலாம். கிரிஸ்டாவின் 2,750 மில்லிமீட்டர் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரம், இதில் 2,850 ஆகியிருக்கிறது, பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டும் இல்லை, ஆகவே மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்தாலும் முழங்கால் நெஞ்சுக்கு வராது. கிரிஸ்டாவின் மூன்றாம் வரிசை குழந்தைகளுக்கு நல்லது, பெரியவர்களுக்கு உடுமலை வரை சரி, மதுரை வரை சிரமம். பழைய இன்னோவாவின் கடைசி இருக்கையில் மோசமான சாலையில் போயிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஷோரூமில் நின்றுகொண்டு பார்ப்பதை விட, தாயாரை அழைத்துப்போய் மூன்று வண்டிகளிலும் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கிரிஸ்டாவில் சிரமம் தெரிந்தால், பக்கவாட்டுப் படிக்கட்டுப் பலகை பொருத்தினால் பாதிச் சிரமம் குறையும், முழுவதும் குறையாது.

வால்பாறைக்கு வருவோம். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஆறு பேரும் சாமான்களும் ஏறிய வண்டியின் எடை பின்புறமாகச் சாயும். பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு அது சாதகம், முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு மழை நாளில் சற்றுப் பாதகம். ஆனாலும் இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். தார்ச் சாலையில், நல்ல டயருடன், ஹைகிராஸ் அந்த மலையைத் தாராளமாக ஏறும். அதன் என்ஜினும் மோட்டாரும் சேர்ந்து 186 குதிரைத்திறன் தருகின்றன, கிரிஸ்டா 2.4 டீசலோ 150. வேறுபாடு ஓட்டும் உணர்வில்தான். கிரிஸ்டாவின் 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கீழ் வேகத்திலேயே கிடைப்பதால் இரண்டாம் கியரில் முனகாமல் ஏறிப் போகும். ஹைகிராஸில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் ஒரே ஸ்வரத்தில் கத்தும், வேகம் பின்னால் வரும். பழகிவிடலாம், ஆனால் முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். இறங்கும்போது ஹைபிரிடின் மோட்டார் பிரேக்காக வேலை செய்து பேட்டரியை நிரப்பும். அந்தப் பேட்டரி சிறியது, வால்பாறை போன்ற நீண்ட இறக்கத்தில் பாதி வழிக்கு முன்பே நிரம்பிவிடும். அதன் பிறகு என்ஜின் பலமாகச் சுற்றும் ஓசை கேட்டால் பயப்படாதீர்கள், வண்டி தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று பொருள். மறுபக்கம், கிரிஸ்டாவின் ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகை. குறுகிய தெருவில் திருப்பி நிறுத்தும்போது கனமாக இருக்கும். வீட்டில் பெண்களும் ஓட்டுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதையும் கிளட்சின் கனத்தையும் அவர்கள் நேரில் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லக் கூடாது.

இனிப் பணக் கணக்கு. ஹைகிராஸ் ஹைபிரிடுக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், கிரிஸ்டா 2.4 மேனுவலுக்கு அறிமுகத்தின்போது சொன்னது 15.1. இரண்டும் சோதனைக்கூட எண்கள். குடும்பத்தோடு, ஏ.சி. போட்டு, ஊருக்குள்ளும் வெளியிலுமாக ஓட்டுபவர்கள் என்னிடம் சொல்லும் அளவை வைத்து, முன்னதற்கு 17, பின்னதற்கு 12 என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஓட்டம் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால், கிரிஸ்டாவுக்கு ஆண்டுக்கு 92,000 ரூபாய், ஹைகிராஸுக்கு ஏறக்குறைய 71,000 ரூபாய். மிச்சம் 21,000. நீங்கள் கூடுதலாக வாங்கப்போகும் 17 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றாலும், முதல் ஆண்டு வட்டி மட்டுமே ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டும். எரிபொருள் மிச்சத்தைக் காட்டி ஹைபிரிடை நியாயப்படுத்த மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம் போதவே போதாது. நெரிசலான நகரத்துக்குள் தினமும் பல மணி நேரம் ஓடுபவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், ஏனெனில் ஹைபிரிடின் பலம் நின்று நின்று போகும் போக்குவரத்தில்தான் தெரியும். பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று திறந்த சாலையில் போகும் உங்களுக்கு அந்தப் பலத்தில் பாதிதான் கைக்கு வரும்.

பாதுகாப்பு என்ற பக்கத்தில் ஹைகிராஸுக்கு மறுக்க முடியாத முன்னிலை இருக்கிறது. 2025-இல் பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்ற வண்டி அது. மேல் வேரியன்ட்களில் ஆறு ஏர்பேக் உண்டு. கிரிஸ்டாவில் அடிப்படை வேரியன்டிலேயே மூன்று ஏர்பேக்கும், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்ஸும் வந்தன. 2012 இன்னோவாவில் இவை எல்லா வேரியன்ட்டிலும் வரவில்லை, ஆகவே உங்களுக்குக் காட்டப்பட்ட வண்டியில் இருக்கிறதா என்று ஸ்டீயரிங் நடுவிலும் டேஷ்போர்டின் இடப்பக்கத்திலும் உள்ள எழுத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இல்லை என்றால், மைத்துனர் என்ன சொன்னாலும் நான் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்ற மாட்டேன்.

மைத்துனரின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த 2.5 லிட்டர் டீசல் என்ஜின், 102 குதிரைத்திறன்தான் என்றாலும், ஒழுங்காக ஆயில் மாற்றினால் மூன்று லட்சம் கிலோமீட்டரைச் சத்தமில்லாமல் தாண்டும். எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவார். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் அவர் நினைவில் இருப்பது ஐந்து வயதான இன்னோவா. நீங்கள் வாங்கப்போவது அதைப் போல் இரு மடங்குக்கும் மேல் வயதானது. அந்த என்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட், கிரிஸ்டாவில் இருப்பது போலச் செயின் அல்ல. பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினையே பிரிக்க நேரும். அதற்கு மேல் இன்ஜெக்டர், கிளட்ச், முன் சஸ்பென்ஷன் புஷ்கள், பின் ஏ.சி. குளிர்விப்பான் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். தனியார் காரின் பதிவுக்கு 15 ஆண்டு என்பதால், 2012 வண்டிக்கு 2027-இல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இத்தனையும் சேர்ந்து 8 லட்சத்தை விழுங்கிவிடாது; இரண்டு லட்சத்துக்குள் முடியும் வாய்ப்பே அதிகம். ஆனால் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களும், மலையில் குடும்பத்தோடு நிற்கும் ஒரு இரவும் அந்தக் கணக்கில் வராது. இரண்டாவது வண்டி வீட்டில் இருந்தால் பழைய இன்னோவாவை நானே பரிந்துரைப்பேன். இருக்கும் ஒரே வண்டியாக அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை.

ஆக, என் கை கிரிஸ்டாவின் பக்கம் சாய்கிறது, ஆனால் நிபந்தனையோடு. 2018 வண்டி என்பதில் ஒரு மறைமுக நன்மையும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகான டீசல் கிரிஸ்டாவில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அது சூடேறிச் சுத்தமாக நீண்ட ஓட்டம் வேண்டும், பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று சிறு ஓட்டமாகவே ஓடினால் அடைத்துக்கொள்ளும். 2018 வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. வயதுக்கு 1,10,000 கிலோமீட்டர் என்பது இந்த என்ஜினுக்குப் பெரிதும் அல்ல. பெரிது எதுவென்றால், அந்த எண் உண்மையா என்பதுதான். இந்த மாடலில் மீட்டரைக் குறைப்பது சந்தையில் அவ்வளவு சாதாரணம், ஏனெனில் சுற்றுலா வாடகைக்கு ஓடிய வண்டிகள் ஏராளம்.

அதனால் மீட்டரை விட்டுவிட்டு வண்டியைப் படியுங்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர்களின் கோடுகள் தேய்ந்து மழமழவென்று இருக்கிறதா, அல்லது பழைய வண்டியில் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே பதில் சொல்லும். ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க விளிம்பு, தினமும் பலமுறை ஏறி இறங்குபவரின் உடல் பட்டுத்தான் நசுங்கும். நடு வரிசைக் கதவின் கைப்பிடியும் மூன்றாம் வரிசைக்குப் போக இருக்கையை மடக்கும் நெம்புகோலும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அந்த வண்டியில் தினமும் ஏழு பேர் போயிருக்கிறார்கள். அது குடும்ப வண்டியின் அடையாளம் அல்ல. கூரையில் கேரியர் பூட்டிய துளைகளை அடைத்த தடம், எண் பலகையைக் கழற்றினால் அடியில் மஞ்சள் வண்ணம், டேஷ்போர்டுக்குக் கீழே வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இழுத்த வயர் வெட்டி விடப்பட்டிருப்பது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டி என்று எடுத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள், அல்லது எழுந்து வாருங்கள். எழுந்து வருவதுதான் நல்லது.

இன்னொரு சோதனைக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. மூன்று வரிசையிலும் ஒவ்வொரு சீட் பெல்டையும் முழுவதுமாக வெளியே இழுங்கள். வெளியில் தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருந்த கடைசி ஒரு முழம் துணியில் சேற்றுக் கோடோ, மட்கிய வாடையோ இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நீரில் நின்ற வண்டிகள் பல, சுத்தம் செய்யப்பட்டு வெளியூர்களுக்கு வந்துவிட்டன. பெல்டின் அடிமுனையில் தைத்த சீட்டில் உற்பத்தி தேதியும் இருக்கும். ஆறு பெல்டில் 2018-உம் ஒன்றில் மட்டும் 2022-உம் இருந்தால், அந்தப் பக்கம் பலமாக அடிபட்டதா என்று கேட்க வேண்டிய கேள்வி பிறந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலான சான்று, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து எடுக்கும் சர்வீஸ் வரலாறு. உரிமையாளர் கேட்டால் தருவார்கள்; ஒவ்வொரு தேதிக்கும் அன்றைய கிலோமீட்டர் அதில் பதிவாகியிருக்கும். 2021-இல் 1,40,000 என்று இருந்து இன்று மீட்டரில் 1,10,000 என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். விற்பவர் அந்த வரலாற்றை எடுத்துத் தரத் தயங்கினாலே எனக்குப் போதும். சரி என்று வந்த பின், காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் வருவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். ஆயில் மூடியைத் திறந்துவிட்டு ஐடிலில் ஓடவிட்டால் லேசான ஆவி வரலாம், குபுகுபுவென்று புகை அடித்தால் பிஸ்டன் வளையங்கள் சந்தேகத்துக்குரியவை.

வண்டியின் முதல் பதிவு டெல்லியா, ஹரியானாவா என்பதையும் ஆர்.சி.யில் பாருங்கள். டெல்லி வட்டாரத்தில் டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட 10 ஆண்டு வரம்பால் அங்கே விலை விழுந்த கிரிஸ்டாக்கள் தெற்கே வந்திருக்கின்றன. வண்டி மோசம் என்று பொருளில்லை. ஆனால் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் சேர்ந்த பிறகும் உள்ளூர் வண்டியை விட மலிவாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஹைகிராஸின் ஹைபிரிட் பேட்டரி என்னவாகும் என்ற உங்கள் அச்சத்துக்கும் ஒரு சொல். உறுதியாகச் சொல்லக்கூடியது, அதற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி உண்டு என்பதும், அது லித்தியம் அல்ல, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை என்பதும். டொயோட்டா 1997 முதல் ஹைபிரிட் கார்களில் பயன்படுத்தி வந்திருக்கும் பழைய, அடங்கிய தொழில்நுட்பம் அது. உறுதியாகச் சொல்ல முடியாதது, நம் ஊர் வெயிலில் இந்தக் குறிப்பிட்ட வண்டி பத்தாம் ஆண்டில் எப்படி இருக்கும் என்பது. அந்த வயதை எட்டிய ஹைகிராஸ் ஒன்றுகூட இன்னும் இல்லை. கிரிஸ்டாவுக்கு அந்தச் சான்று சாலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஹைகிராஸ்தான் வேண்டும் என்று மனம் நின்றால், 2023 ஜூலையில் மாருதி இன்விக்டோ என்ற பெயரில் வந்தது அதே ஹைபிரிட் வண்டிதான் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு ஷோரூமிலும் விலை கேட்டுவிட்டு, முதல் உரிமையாளரிடமிருந்து வாரன்டி மீதமுள்ள இரண்டு மூன்று வயது வண்டி கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். தாயாருக்குக் கிரிஸ்டாவில் ஏறவே முடியவில்லை என்றால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். அப்போது எரிபொருள் கணக்கு பொருட்டல்ல. ஹைபிரிட் இல்லாத பெட்ரோல் ஹைகிராஸும் தாழ்ந்த தரையும் அதே இடவசதியும் உடையதுதான், விலையும் பல லட்சம் குறைவு. மாத ஓட்டம் 1,000 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் அதைக் கேட்காமலே விட்டுவிடுவது எனக்கு வியப்பு.

கிரிஸ்டாவே முடிவானால், 14 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். டயர்கள், எல்லா ஆயில்களும், பிரேக் பேடுகள், ஒருவேளை கிளட்ச் என்று ஒரு லட்சம் வரை ஒதுக்கிக்கொண்டு, மீதியில் பேரம் பேசுங்கள். விற்பவருக்கு வங்கிக் கடன் நிலுவை இருந்தால் முழுத் தொகையை அவர் கையில் தர வேண்டாம்; கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்தி, வங்கியின் என்.ஓ.சி.யும் கடன் பதிவை ஆர்.சி.யிலிருந்து நீக்குவதற்கான கையெழுத்திட்ட படிவம் 35-உம் வந்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள். உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தை வண்டி எடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது என்பதால் பிரீமியத்தில் கொஞ்சம் வித்தியாசத் தொகை கேட்பார்கள். அவருடைய ஃபாஸ்டேகை அவரே முடக்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டுப் புதியதை உங்கள் பெயரில் ஒட்டுங்கள்.